லேப்டாப்பை வீட்டில் விட்டுவிட்டு: ஜிபிஎஸ் கருவிக்குப் போனிலிருந்தே மேப் ஏற்றிய அனுபவம்

கிளம்புவதற்கு முந்தைய வாரம் சைக்கிள் பைகளை எடை போட்டுக்கொண்டிருந்தபோது லேப்டாப்பின் மேல் கண் விழுந்தது. சார்ஜரோடு சேர்த்து ஒன்றே முக்கால் கிலோ. ஆறு வாரம், நான்கு நாடுகள், வழியெல்லாம் மேடு. அந்த ஒன்றே முக்கால் கிலோவை ஒவ்வொரு மேட்டிலும் நான்தான் மிதித்து ஏற்ற வேண்டும். போன பயணத்தில் அதை எதற்கெல்லாம் திறந்தேன் என்று யோசித்துப் பார்த்தால், உருப்படியாக ஒரே ஒரு வேலைதான்: நாடு மாறும்போது ஜிபிஎஸ் கருவியில் அடுத்த நாட்டின் மேப்பை ஏற்றியது. மற்றதெல்லாம் போனிலேயே முடிந்துவிட்டது. அந்த ஒரு வேலையையும் போனுக்கு மாற்றிவிட்டால் லேப்டாப் வீட்டிலேயே தூங்கட்டும் என்று முடிவு செய்தேன்.

போனில்தான் மேப் இருக்கிறதே, தனியாக ஒரு கருவி எதற்கு என்று கேட்பீர்கள். என்னிடம் இருப்பது கார்மின் ஈடிரெக்ஸ் 30. 2011-இல் வந்த மாடல், 2.2 அங்குலத் திரை, தொடுதிரைகூடக் கிடையாது. ஆனால் இரண்டு ஏஏ பேட்டரி போட்டால் 25 மணி நேரம் ஓடும் என்பது கம்பெனிக் கணக்கு. மூன்று நாளைக்கு ஒருமுறை பேட்டரி மாற்றினால் எனக்குப் போதும். மழையில் நனையலாம். உச்சி வெயிலில் திரை இன்னும் தெளிவாகத் தெரியும். போனை ஹேண்டில்பாரில் மாட்டி நாள் முழுக்கத் திரையை எரியவிட்டால் மதியத்துக்குள் பேட்டரி காலி, மழை பெய்தால் விரல் ஓரிடத்தில், அது தொடுவது ஓரிடத்தில். வழி காட்ட ஈடிரெக்ஸ், மற்ற எல்லாவற்றுக்கும் போன் என்பது என் பழக்கம்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொண்டேன். கம்ப்யூட்டர் இந்த வேலையில் உண்மையில் என்ன செய்கிறது? மேப் மென்பொருளைத் திறப்போம், வேண்டிய பகுதிகளைத் தேர்ந்தெடுப்போம், 'அனுப்பு' என்று அழுத்துவோம், பச்சைக் கோடு மெதுவாக நகரும். ஏதோ பெரிய வித்தை நடப்பது போலத் தோன்றும். கடைசியில் பார்த்தால், மெமரி கார்டில் 'கார்மின்' என்ற ஃபோல்டருக்குள் ஒரே ஒரு ஃபைல் உட்கார்ந்திருக்கும். அதன் பெயர் ஜி-எம்-ஏ-பி-எஸ்-யு-பி-பி என்ற எட்டு எழுத்து, அப்புறம் புள்ளி, ஐ-எம்-ஜி. இனிமேல் அதை 'ஜிமேப்சப்' என்றே எழுதுகிறேன். அவ்வளவுதான் மேப். அந்த ஃபைல் ஏற்கெனவே தயாராக எங்காவது கிடைத்தால், அதை அந்த ஃபோல்டரில் கொண்டுபோய் வைக்க ஒரு கம்ப்யூட்டர் தேவையே இல்லை.

தயாராகவே கிடைக்கிறது. தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் இலவச உலக மேப்பான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவை எடுத்து, கார்மினுக்குப் புரியும் வடிவில் மாற்றி இலவசமாகத் தருகிற இடங்கள் பல உண்டு. ஃப்ரைட்ஸைட்கார்ட்டே நடைபயணத்துக்கு நன்றாக இருக்கும், ஓப்பன்ஃபீட்ஸ்மேப் சைக்கிளுக்கென்றே செய்தது, ஓப்பன்டோபோமேப்பில் மேடு பள்ளக் கோடுகள் தெளிவாக இருக்கும். பிபிபைக் என்பதில் நாமே கட்டம் போட்டு வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுக்கலாம். இதைப் பற்றிப் பின்னால் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. டவுன்லோடு செய்யும்போது ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஒரே மேப்பை விண்டோஸுக்கு ஒன்று, மேக்குக்கு ஒன்று, கருவிக்கு நேரடியாக ஒன்று என்று மூன்று விதமாக வைத்திருப்பார்கள். விண்டோஸுக்கான இன்ஸ்டாலர் நம் போனில் எதற்கும் ஆகாது. ஜிமேப்சப் ஃபைலை ஜிப் செய்து வைத்திருப்பதுதான் நமக்கு வேண்டியது.

வீட்டிலேயே ஒத்திகை பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நல்லவேளை பார்த்தேன்.

ஈடிரெக்ஸில் இருப்பது பழைய மினி யுஎஸ்பி துளை. போனில் டைப்-சி. நடுவில் ஒரு ஓடிஜி இணைப்பான் (போனில் வேறு யுஎஸ்பி கருவிகளை மாட்ட உதவுவது), அதன் மறுமுனையில் மினி யுஎஸ்பி கேபிள். மாட்டினேன், கருவி உயிர்பெற்றது, போனில் மட்டும் ஒன்றும் வரவில்லை. போன் அமைப்புகளில் ஓடிஜியைத் தனியாக இயக்கிப் பார்த்தேன், ஃபைல் மேனேஜரை மாற்றிப் பார்த்தேன், போனை அணைத்துப் போட்டேன். ஒரு மணி நேரம் போனது. கடைசியில் குற்றவாளி கேபிள். ஏதோ ஒரு சைக்கிள் விளக்கோடு வந்த கேபிள் அது. சார்ஜ் ஏற்ற மட்டுமே ஆனது, தரவுக்கான இரண்டு கம்பிகள் உள்ளே இல்லவே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. டிராயரில் கிடந்த இன்னொரு கேபிளை மாட்டியதும் கருவியின் திரையில் கம்ப்யூட்டர் படம் வந்தது, போனில் இரண்டு பென் டிரைவ்கள் தெரிந்தன: ஒன்று கருவியின் உள் நினைவகம், மற்றொன்று கார்டு. சரியான கேபிளின் கழுத்தில் அன்றைக்கே சிவப்பு டேப் ஒன்றைச் சுற்றினேன். வெறும் சார்ஜ் கேபிள் குப்பைக்குப் போனது.

அடுத்து வேகம். ஒரு ஜிபிக்குச் சற்றுக் குறைவான ஃபைலைக் கருவி வழியாகக் காப்பி செய்யப் போட்டுவிட்டு, குளித்துவிட்டு வந்து பார்த்தால் பாதிகூடத் தாண்டவில்லை. அதே ஃபைலை, கார்டைக் கழற்றி, விரல் நகம் அளவுள்ள ஒரு கார்டு ரீடரில் போட்டுப் போனில் செருகினால், ஒரு சில நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஐந்தாறு கிராம் எடையுள்ள அந்தக் கார்டு ரீடர்தான் இந்தப் பயணம் முழுக்க என் லேப்டாப். கேபிளை வழித்தடம் மாதிரிச் சின்ன ஃபைல்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். ஈடிரெக்ஸில் கார்டு இருப்பது பேட்டரிகளுக்கு அடியில்; பேட்டரியை எடுத்து, சின்ன உலோகப் பூட்டைத் தள்ளித் திறக்க வேண்டும். காற்றடிக்கும் இடத்திலோ புல்தரையிலோ இதைச் செய்யாதீர்கள். எனக்கு ஒருமுறை கார்டு புல்லில் விழுந்து, நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு முட்டிபோட்டுத் தேடியிருக்கிறேன்.

கார்டு பற்றி இரண்டு விவரம். கருவி படிப்பது ஃபேட்32 என்ற அமைப்பை. 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் வழக்கமாக எக்ஸ்ஃபேட் அமைப்பில் வரும், பழைய கருவிகளுக்கு அது புரியாது. அதனால் 16 ஜிபி கார்டு இரண்டு வாங்கினேன். ஃபேட்32-இல் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. ஒரு கண்டம் முழுவதையும் ஒரே ஃபைலாக ஏற்றலாம் என்று ஆசைப்பட்டால் காப்பி பாதியில் நின்று, ஃபைல் பெரியது என்று போன் சொல்லும். நாடு நாடாக எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஜிப்பைப் பிரிக்க ஆண்ட்ராய்டில் இலவச ஆப்கள் உண்டு, நான் பயன்படுத்தியது ஸெட்ஆர்க்கைவர். போனில் இடம் எவ்வளவு வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். ஒரு ஜிபி ஜிப் என்றால், பிரித்த ஃபைலுக்கு இன்னும் ஒரு ஜிபிக்கு மேல் வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் போனில் இருக்கும். படங்களும் வீடியோக்களும் அடைத்துக்கொண்டிருக்கிற போனில் பயணத்தின் நான்காவது வாரத்தில் மூன்று ஜிபி காலியிடம் கண்டுபிடிப்பது சுலபமில்லை. ஜிப்பை நேரடியாகக் கார்டின் மீதே பிரிக்கச் சொன்னால் பாதி இடம் மிச்சம்.

இவ்வளவையும் வீட்டிலேயே கற்றுக்கொண்டு, முதல் இரண்டு நாடுகளின் மேப்பை ஏற்றிவிட்டு, நானும் என் தம்பி போல ஒரு நண்பனும் கிளம்பினோம்.

முதல் அடி இரண்டாவது எல்லையில் விழுந்தது. எல்லைக்கு முந்தைய இரவு தங்கிய விடுதியில் நல்ல வைஃபை. மூன்றாவது நாட்டின் மேப்பை இறக்கினேன், பிரித்தேன், கார்டில் 'கார்மின்' ஃபோல்டருக்குக் காப்பி செய்தேன். 'இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கிறது, மாற்றவா?' என்று போன் கேட்டது. பகல் முழுக்கச் சைக்கிள் மிதித்த களைப்பு. 'சரி' என்று அழுத்திவிட்டேன். யார் செய்த மேப்பானாலும் எந்த நாட்டு மேப்பானாலும் ஃபைலின் பெயர் ஜிமேப்சப்தான் என்பது தெரிந்த விஷயம். தெரிந்தும் அழுத்தினேன்.

மறுநாள் காலை கருவியைப் போட்டால், நாங்கள் நிற்கும் இடத்தில் நாலைந்து நெடுஞ்சாலையும் ஒரு ஊர்ப் புள்ளியும் மட்டும். கருவியோடு வரும் அடிப்படை மேப் அது. எல்லைக்கு அப்பால் தெருத் தெருவாக மேப் இருக்கிறது, ஆனால் எல்லைக்குப் போக இன்னும் 60 கிலோமீட்டர் கிராமத்துச் சாலை. அன்றைய நாள் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிரிவிலும் நிறுத்தி நிறுத்திப் பார்த்து ஓட்டினோம்.

அன்றிலிருந்து விதி ஒன்று: காப்பி செய்யும் முன் பெயர் மாற்று. 2011-இல் வந்த ஈடிரெக்ஸ் வரிசை முதல், அந்த ஃபோல்டரில் எத்தனை மேப் வேண்டுமானாலும், எந்தப் பெயரில் வேண்டுமானாலும் வைக்கலாம், கடைசியில் ஐஎம்ஜி என்று முடிந்தால் போதும். அதற்கு முந்தைய கருவிகள் பல ஜிமேப்சப் என்ற ஒரே பெயரைத்தான் ஏற்கும். அவற்றுக்கு நாட்டுக்கு ஒரு கார்டு வைத்துக்கொள்வதே வழி. நான் நாட்டின் பெயர், மேப் செய்தவர்களின் பெயர், மாதம் மூன்றையும் சேர்த்துப் பெயர் வைக்கிறேன். ஃபைலின் பெயரை மாற்றினாலும் கருவிக்குள் பட்டியலில் தெரிவது மேப்புக்குள்ளேயே எழுதியிருக்கும் பெயர்தான். அதனால் ஒரே இடத்திலிருந்து இறக்கிய இரண்டு மேப்கள் பட்டியலில் ஒரே பெயரோடு நிற்பதும் உண்டு. குழப்பமாக இருந்தால் ஒன்றைப் போனில் பெயர் மாற்றி ஐஎம்ஜிக்குப் பதிலாக வேறு எதையாவது கடைசியில் போட்டுவிடுங்கள், கருவி அதைக் கண்டுகொள்ளாது. திரும்ப வேண்டும்போது மறுபடி மாற்றிக்கொள்ளலாம்.

ஒன்றுக்கு மேற்பட்ட மேப் இருந்தால் அமைப்புகளில் மேப் பகுதிக்குப் போய், வேண்டாததை அணைத்துவிட வேண்டும். ஒரே இடத்துக்கு இரண்டு மேப்கள் இயக்கத்தில் இருந்தால் ஒன்றின் மேல் ஒன்று படிந்து, எது தெரியும் என்று சொல்ல முடியாது. சாலை இருக்கிற இடத்தில் வெள்ளையாகத் தெரிந்தால், பெரும்பாலும் மேலே இன்னொரு மேப் உட்கார்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

எல்லையில் இன்னொரு சிக்கலும் உண்டு, இது பெயர் மாற்றினாலும் தீராது. இந்தப் பக்க நாட்டுக்கு ஒரு மேப், அந்தப் பக்கத்துக்கு ஒரு மேப். இரண்டையும் இயக்கியிருக்கிறேன், திரையில் இரண்டும் அழகாக ஒட்டிக்கொண்டு தெரிகின்றன. ஆனால் எல்லை தாண்டி ஓர் ஊருக்கு வழி கேட்டால், கருவி யோசித்து யோசித்துக் கடைசியில் முடியவில்லை என்று கைவிரிக்கும். வழி கணக்கிடும்போது ஒரு மேப்பிலிருந்து தனியாகச் செய்த இன்னொரு மேப்புக்கு அது தாவாது. பார்க்கிற நமக்கு ஒரே சாலை, கருவிக்கு அது எல்லையோடு முடிந்துபோன முட்டுச்சந்து.

இங்கேதான் பிபிபைக் கைகொடுத்தது. போன் உலாவியிலேயே திறக்கலாம். நாட்டின் எல்லையை மறந்துவிட்டு, நாம் போகப்போகும் பாதையைச் சுற்றிக் கட்டம் போட வேண்டும்; கட்டத்தின் ஓரங்களை விரலால் இழுத்து எல்லைக்கு இந்தப் பக்கம் 100 கிலோமீட்டர், அந்தப் பக்கம் 200 கிலோமீட்டர் என்று சேர்த்துக்கொண்டேன். வடிவம் என்ற இடத்தில் கார்மின் என்று தேர்ந்தெடுத்து, மின்னஞ்சல் முகவரி கொடுத்தால், கொஞ்ச நேரத்தில் இறக்குவதற்கான இணைப்பு வந்து சேரும். சின்னத் திரையில் கட்டத்தின் மூலையைப் பிடித்து இழுப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும். போனைப் படுக்கைவசமாகத் திருப்பிக்கொண்டால் கொஞ்சம் தேவலை. இரண்டு நாட்டுச் சாலையும் ஒரே ஃபைலில் இருப்பதால் வழி கணக்கிடுவதும் எல்லையில் நிற்கவில்லை. நாடு முழுவதையும் இறக்குவதைவிட ஃபைலும் மிகச் சிறியது, சுமாரான வைஃபையிலும் இறங்கிவிடும். மூன்றாவது எல்லையிலிருந்து நான் நாட்டு மேப்பே இறக்கவில்லை, பாதையைச் சுற்றிய கட்டங்கள் மட்டும்தான்.

இரண்டாவது அடி இன்னும் பயமுறுத்தியது. கூடாரத்துக்குள் இரவு பத்து மணி, போனில் 9 சதவீதம் சார்ஜ். கார்டு ரீடரில் காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போதே போன் அணைந்துவிட்டது. காலையில் கார்டைக் கருவியில் போட்டு இயக்கினால், தொடக்கத் திரை வந்தது, மேப்பை ஏற்றுகிறது என்றது, அங்கேயே நின்றது. அணைத்துப் போட்டாலும் அதே இடம். கருவியே போய்விட்டது என்று நினைத்தேன். பேட்டரியைக் கழற்றி, கார்டை வெளியே எடுத்துவிட்டு இயக்கினால் ஒன்றுமே நடக்காதது போல எழுந்தது. பாதி எழுதிய மேப் ஃபைலைப் படிக்கப் போய்த்தான் அது திணறியிருக்கிறது.

இதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: பயணத்தில் எந்த மேப்பையும் கருவியின் உள் நினைவகத்தில் வைக்காதீர்கள். கார்டில் இருக்கும் மேப் கெட்டுப்போனால் கார்டை உருவிவிடலாம். உள்ளே இருக்கும் மேப் கெட்டுப்போனால் எதை உருவுவது? உள் நினைவகத்தில் ஏற்கெனவே இருக்கும் அடிப்படை மேப், நேர மண்டல மேப் போன்ற ஃபைல்களையும் இடம் போதவில்லை என்று அழிக்கப் போகாதீர்கள்.

அதோடு, காப்பி முடிந்ததும் போனில் உள்ள ஃபைலையும் கார்டில் உள்ள ஃபைலையும் அழுத்திப் பிடித்து, விவரம் என்பதைத் திறந்து, அளவை பைட் வரை ஒப்பிடுகிறேன். 'சுமார் 640 எம்பி' என்பதை நம்புவதில்லை. ஒன்பது இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்புறம் கார்டை 'வெளியேற்று' என்று சொல்லிவிட்டுத்தான் உருவுகிறேன். விடுதி வைஃபை நடுவில் அறுந்து ஜிப்பே பாதியாக இறங்கியிருந்தால், பிரிக்கும்போது ஆப் பிழை காட்டும்; அந்தப் பிழையைத் தாண்டிப் போகச் சொல்லக் கூடாது, திரும்ப இறக்குவது ஒன்றே வழி.

நண்பனின் கதை தனி. அவனுடைய போனில் மெமரி கார்டுக்கே இடம் உண்டு, ரீடர் தேவையில்லை என்று பெருமை பேசிக்கொண்டு வந்தான். என்னுடைய இரண்டாவது கார்டைத் தன் போனில் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் கழித்துக் கூப்பிட்டான்.

"அண்ணா, கார்டை ஃபார்மேட் பண்ணவான்னு கேட்டுச்சு, ஓகே குடுத்துட்டேன். தப்பில்லையே?"

தப்புதான். ஆண்ட்ராய்டு போன்கள் சிலவற்றில் புதிய கார்டைப் போட்டால் இரண்டு வழி கேட்கும்: கழற்றி மாட்டும் சேமிப்பகமாக வைப்பதா, போனின் உள் நினைவகத்தோடு சேர்ப்பதா என்று. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் போன் கார்டை அழித்து, பூட்டு போட்டு, தனக்கே தனக்கு என்று எடுத்துக்கொள்ளும். வேறு எந்தக் கருவியிலும் அது திறக்காது. அதில் இருந்த முதல் இரண்டு வாரத்தின் தடப்பதிவுகள் போனது போனதுதான். கார்டைத் திரும்பவும் கழற்றி மாட்டும் சேமிப்பகமாக ஃபார்மேட் செய்து, 'கார்மின்' ஃபோல்டரைக் கையால் உருவாக்கி, மேப்களை மறுபடி ஏற்றினோம். 32 ஜிபி வரையான கார்டை அப்படி ஃபார்மேட் செய்தால் வழக்கமாக ஃபேட்32-ஆகவே வரும் என்பது ஒரு நல்லது. அன்று மாலை அவனே சமைத்தான், பாத்திரமும் அவனே கழுவினான்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: ஐஓஎஸ் 13 முதல் அதிலுள்ள ஃபைல்ஸ் ஆப்பே ஜிப்பைப் பிரிக்கும், வெளியே செருகும் கார்டையும் படிக்கும், எழுதும். 2023-இல் வந்த ஐபோன் 15 முதல் டைப்-சி துளை என்பதால் அதே கார்டு ரீடரே போதும். புதிய ஜிபிஎஸ் கருவிகளில் சில, பென் டிரைவ் போலத் தெரியாமல் எம்டிபி என்ற முறையில் பேசும். அவற்றைக் கேபிளில் மாட்டினால் எல்லாப் போனுக்கும் தெரியும் என்று சொல்ல முடியாது. வீட்டிலேயே சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

மேப் போக, பாதை. அன்றாடப் பாதையைப் போட நான் பயன்படுத்துவது பிரௌட்டர். அதன் இணையப் பக்கம் போனில் ஓடும், சைக்கிளுக்கு ஏற்ற சாலைகளை நன்றாகத் தேர்ந்தெடுக்கும், ஏற்றம் எத்தனை மீட்டர் என்றும் சொல்லிவிடும். ஆண்ட்ராய்டு ஆப்பாகவும் உண்டு. ஐந்து பாகைக்கு ஐந்து பாகை சதுரங்களாகத் தரவை இறக்கிவைத்துக்கொண்டால் இணையமே இல்லாமல் ஓஸ்மேண்ட் என்ற மேப் ஆப்போடு சேர்ந்து பாதை போடும். போட்ட பாதையை ஜிபிஎக்ஸ் ஃபைலாக (பாதையின் புள்ளிகளை வரிசையாக எழுதிவைக்கும் வடிவம்) எடுத்து, கருவியில் 'கார்மின்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஜிபிஎக்ஸ்' ஃபோல்டரில் வைக்க வேண்டும். இதற்குச் சிவப்பு டேப் கேபிள்.

இங்கே இரண்டு வகை இருப்பதைக் கவனிக்க வேண்டும். 'ரூட்' என்றால் சில புள்ளிகளை மட்டும் கொடுத்து நடுவழியைக் கருவியே கணக்கிடுவது. என் மேப்பும் நான் பாதை போட்ட மேப்பும் வேறாக இருந்தால் அது வேறு சாலையில் கொண்டுபோய் விட்டுவிடும். 'டிராக்' என்றால் திரையில் ஒரு கோடு, அவ்வளவுதான். கோட்டின் மேல் இருந்தால் சரி, விலகினால் தவறு. நான் எப்போதும் டிராக்தான். ஈடிரெக்ஸில் ஒரு டிராக்குக்கு 10,000 புள்ளிகள் வரை இடம் உண்டு, ஒரு நாள் பாதைக்கு அது தாராளம். ஆறு வாரத்தையும் ஒரே கோடாகப் போட்டால் வால் அறுந்துவிடும்.

முதல் வாரம் ஒரு வேடிக்கை. ஏழு நாள் பாதையைப் போட்டு, ஒவ்வொரு ஃபைலுக்கும் நாள் எண்ணைப் பெயராக வைத்துக் காப்பி செய்தேன். கருவியில் திறந்தால் ஏழும் 'பிரௌட்டர் டிரெக்கிங் 0' என்று நிற்கின்றன. கருவி காட்டுவது ஃபைலின் பெயரை இல்லை, ஃபைலுக்குள் எழுதியிருக்கும் பெயரை. ஒவ்வொன்றையும் திறந்து, கோடு எங்கே போகிறது என்று பார்த்து, அதற்கு அப்புறம் அடையாளம் கண்டேன். ஏற்றுமதி செய்யும்போதே அங்கே உள்ள பெயர்க் கட்டத்தில் நாள் எண்ணைப் போட்டுவிட்டால் இந்த அவஸ்தை இல்லை. மறந்துபோனால், போனிலேயே ஏதாவது எழுத்துத் திருத்தி ஆப்பில் ஜிபிஎக்ஸைத் திறந்து, தொடக்கத்தில் உள்ள பெயரை மாற்றலாம். அது வெறும் எழுத்து ஃபைல்தான்.

தங்கப்போகிற இடத்தின் ஆயத்தொலைவைத் தட்டும்போது ஒருமுறை சறுக்கினேன். விடுதிக்காரர் அனுப்பிய அட்சரேகை புள்ளி 30 என்று முடிந்தது, அதாவது தசம பாகையில். என் கருவியோ பாகை, நிமிடம் என்ற அமைப்பில் இருந்தது. நான் 30 நிமிடம் என்று தட்டிவிட்டேன். 0.30 பாகை என்பது 18 நிமிடம். ஒரு நிமிட அட்சரேகைக்கு 1.852 கிலோமீட்டர், 12 நிமிடத்துக்கு 22 கிலோமீட்டர் வடக்கே தள்ளிப் போயிருப்போம். ஒன்பது கிலோமீட்டர் என்று விடுதிக்காரர் சொன்ன இடத்துக்குக் கருவி 31 என்று காட்டியதால் தப்பித்தோம். அன்றே அமைப்புகளில் தசம பாகைக்கு மாற்றிவிட்டேன். டேட்டம் (ஆயத்தொலைவுகளுக்கு அடிப்படையான பூமியின் அளவீட்டு மாதிரி) என்ற இடத்தில் டபிள்யூஜிஎஸ் 84 என்று இருப்பதைத் தொடவில்லை, நீங்களும் தொட வேண்டாம். சீனா பக்கம் போகிறவர்களுக்கு மட்டும் இன்னொரு எச்சரிக்கை: அந்த நாட்டு மேப் ஆப்கள் ஜிசிஜே-02 என்ற வேறு கணக்கைப் பயன்படுத்துகின்றன. அவற்றிலிருந்து எடுத்த புள்ளியை அப்படியே கருவியில் தட்டினால் சில நூறு மீட்டர் தள்ளி நிற்பீர்கள்.

கப்பலில் ஓர் இரவு கடந்து இறங்கியபோது கருவி இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கவே நேரம் எடுத்தது. நண்பன் மேப் சரியில்லை என்றான். மேப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் துல்லியமான பாதை விவரத்தை 30 விநாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் சொல்லும். எல்லாச் செயற்கைக்கோள்களையும் பற்றிய முழுப் பட்டியலும் வந்துசேர 12.5 நிமிடம் ஆகும். வெகுதூரம் நகர்ந்த பிறகு இயக்கும்போது, திறந்த வானத்தின் கீழ் அசையாமல் வைத்துவிட்டு ஒரு தேநீர் குடிக்க வேண்டியதுதான். போன் சீக்கிரம் கண்டுபிடிப்பதற்குக் காரணம், அது இந்த விவரங்களை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்வது. சிம் இல்லாமல் போட்டுப் பாருங்கள், அதுவும் கொஞ்ச நேரம் விழிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் கருவியின் ஜிபிஎக்ஸ் ஃபோல்டரை அப்படியே போனுக்கு எடுத்து, வைஃபை கிடைத்ததும் இணையத்தில் ஏற்றிவிட்டேன். நண்பனின் ஃபார்மேட் சம்பவத்துக்குப் பிறகு வந்த பழக்கம் இது.

சரியாக வராத ஒன்றும் இருக்கிறது: முகவரி தேடல். கட்டம் போட்டு எடுத்த மேப்களில் தெருப் பெயரைத் தட்டினால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசி வரை போனில் ஆர்கானிக் மேப்ஸ் என்ற மேப் ஆப்பில் தேடி, புள்ளியைக் கருவியில் தட்டிக்கொண்டே ஓட்டினோம். இப்போது என் கைப்பையில் ஒரு பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு இருக்கிறது. உள்ளே கார்டு ரீடர், ஓடிஜி இணைப்பான், சிவப்பு டேப் கேபிள், பிளாஸ்டிக் உறையில் இரண்டாவது கார்டு. மொத்தம் 70 கிராம். கூட்டின் மூடியில் நண்பன் மார்க்கரால் எழுதியிருக்கிறான்: 'ஓகே குடுக்காதே'.